மேற்பலகையில் ஒரு ரேக்கு

"ஒரு தங்க ரேக்கு என்னம்மா எடை இருக்கும்?" என்று கேட்டார் சிவக்கொழுந்து.

கோமளவல்லி வீணையின் யாளி முகத்துக்குத் தங்கம் ஒட்டிக்கொண்டிருந்தாள். பட்டறைக் கதவும் சன்னலும் சாத்தியிருந்தன. ரேக்கு பூவிதழைவிட மெல்லிய தங்கத் தகடு; காற்றுக்கு நிற்காது.

காய்ந்திருந்த பசைமேல் வாயைக் குவித்து மெல்ல மூச்சு விட்டாள். பசை இளகியது. மெல்லிய தூரிகையின் நுனியால் ரேக்கைத் தூக்கி யாளியின் மூக்கருகே கொண்டுபோனாள். மிச்ச தூரத்தை அது தானே கடந்து உட்கார்ந்துகொண்டது.

"அது உங்களுக்குத்தானே தெரியும் அண்ணே. தட்டினவர் நீங்க."

உண்மைதான். சிவக்கொழுந்து இந்தப் பட்டறைக்கு வருமுன் ரேக்கு தட்டுகிறவராக இருந்தார். தோல் மடிப்புகளுக்கு நடுவே தங்கத்தை வைத்து, ஊதினால் பறக்கிற வரைக்கும் சுத்தியலால் தட்டுவது அவர் தொழில். தலை நரைத்த பிறகு, தன் தங்கம் போய் ஒட்டுகிற வீணையைத் தானே செய்துபார்க்க ஆசை வந்தது. கோமளவல்லியிடம் சீடராகச் சேர்ந்தார்.

அவள் அவரைவிட வயதில் சிறியவள். குரு சீடரை அண்ணே என்பாள். சீடர் குருவை அம்மா என்பார். தெருவுக்கு அது வேடிக்கை.

"எடையே கிடையாதும்மா," என்றார் சிவக்கொழுந்து. "கையில வெச்சா வெச்சது தெரியாது. எடையே இல்லாத ஒண்ணுக்காக இந்தப் பட்டறையை விடணுமா?"

காலையில்தான் ஜமீன் காரியஸ்தர் வந்துவிட்டுப் போயிருந்தார்.

நவராத்திரிக் கொலுவுக்கு ஜமீன் ஒரு வீணை கேட்டிருந்தது. இப்போது அவள் யாளிக்குத் தங்கம் ஒட்டுகிற வீணைதான் அது; சிவக்கொழுந்து முதன்முதலாகத் தனியே குடைந்து முடித்தது. அதற்குத்தான் காரியஸ்தர் புது உத்தரவு கொண்டுவந்தார். மேற்பலகைக்கும் தங்கம் ஒட்டவேண்டும்.

மேற்பலகை என்பது குடத்தை மூடியிருக்கும் மெல்லிய பலகை. தந்தி அதிர்ந்தால் பலகை அதிரும். வீணை பேசுவது அங்கேதான். கோமளவல்லியின் பட்டறையில் யாளிக்குத் தங்கம் உண்டு. குடத்தின் ஓரத்துப் பூவேலைக்கு உண்டு. மேற்பலகைக்கு மட்டும் கிடையாது.

"பக்கத்து ஜமீன் வீணையில யாளி மட்டும்தான் மின்னுது," என்றார் காரியஸ்தர். "நம்முடையது முழுக்க மின்னணும்."

"வாசிக்கப்போறது யாருங்க?"

"அதுக்கு யாரையாவது கூப்பிட்டுக்கலாம்."

"பலகைக்கு ஒட்டறதில்லைங்க," என்றாள் கோமளவல்லி.

காரியஸ்தர் கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

"இந்த இடம் யாருடையது?"

"ஜமீனுடையது."

"ஞாபகம் இருக்குதில்ல? நாளைக்கு வருவேன். ஒண்ணு, நீ சரின்னு சொல்லணும். இல்லை, இடத்தைக் காலி பண்ணணும்."

அவர் போனதிலிருந்து சிவக்கொழுந்துக்கு வேலை ஓடவில்லை.

கோமளவல்லி யாளியின் மூக்கை முடித்துவிட்டு, தாள்களுக்கு நடுவே ரேக்குகளை அடுக்கிய ரேக்குப் புத்தகத்தை அவரிடம் நீட்டினாள்.

"ஒட்டுங்க."

"எங்கே?"

"மேற்பலகையில. எடை இல்லைன்னீங்களே."

அவர் ஒரு ரேக்கை எடுத்துப் பலகையில் வைத்தார். அவள் குனிந்து ஊதினாள். அது எழுந்து தரையில் விழுந்தது.

"பசை வேணும்மா. வெறும் மரத்துல எப்படி நிக்கும்?"

"பசை போடுங்க."

"வெறும் பசையில மினுக்கு வராது. மர வரி தெரியும். சுண்ணாம்பு மாவு குழைச்சுப் பூசணும். பூசித் தேய்ச்சு, மறுபடியும் பூசித் தேய்ச்சு..." அவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

கோமளவல்லி மாவுக் கிண்ணத்தைத் தூக்கிப் பலகையின் நடுவில் வைத்தாள். விரல் முட்டியால் பக்கத்தில் தட்டினாள். பூசணிக்காயைத் தட்டியதுபோல் இருந்தது. கிண்ணத்தை எடுத்துவிட்டுத் தட்டினாள். பட்டறையில் சாய்த்து வைத்திருந்த மற்ற வீணைகளும் சேர்ந்து முனகின.

சிவக்கொழுந்து விடவில்லை.

"நாதம் கொஞ்சம் கம்மியாகும். ஒத்துக்கறேன். ஆனா தலைக்கு மேல கூரை இருக்கும்மா."

"ஆமாம் அண்ணே. கூரை இருக்கும்."

அவ்வளவுதான். அவள் கிண்ணத்தைக் கழுவப் போய்விட்டாள்.

மறுநாள் அவர் ஆற்றில் குளித்துவிட்டு வந்தபோது கோமளவல்லி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். வீணைக்குத் தந்தி பூட்டி முன்கட்டில் வைத்திருந்தாள்.

"கொஞ்சம் வெளியே போயிட்டு வரேன். காரியஸ்தர் வந்தா நீங்களே பேசிடுங்க."

"நான் என்னம்மா சொல்றது?"

"உங்க வீணை," என்று சொல்லிவிட்டு அவள் தெருவில் இறங்கினாள்.

காரியஸ்தர் உச்சி வெயிலில் வந்தார். கழுத்தெல்லாம் வியர்வை. குடையை மடக்கி மூலையில் சாத்தினார்.

"எங்கே உம்ம குருநாதி?"

"வெளியே போயிருக்காங்க."

"நல்லதாப் போச்சு. நீர் வயசானவர், உலகம் தெரிஞ்சவர். சரின்னு ஒரு வார்த்தை சொல்லும்."

சிவக்கொழுந்து வீணையை மடியில் எடுத்து வைத்து ஒரு தந்தியை முறுக்கினார்.

"முழுசும் வேண்டாம். சுத்தி ஒரு விளிம்பு போதும்."

அவர் அடுத்த தந்திக்குப் போனார்.

காரியஸ்தர் பலகையைத் துணியால் துடைத்துவிடுபவர்போல் கையால் தடவினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒரே ஒரு ரேக்கு. நடுவில. பொட்டு வெச்ச மாதிரி. ஜமீன் சொன்னது நடந்துச்சுன்னு இருக்கட்டும், நீங்க பாட்டுக்கு இங்கேயே இருங்க. ஒரு ரேக்கு என்ன எடை ஓய் இருக்கும்?"

தான் சொன்ன வார்த்தை இன்னொருவர் வாயிலிருந்து வந்ததும் சிவக்கொழுந்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கழுவிக் கவிழ்த்த கிண்ணம் இருக்கும் இடத்தைப் பார்த்தார். கிண்ணம் அங்கே இல்லை. அது இருந்த இடத்தில் வட்டத் தடம் மட்டும் தெரிந்தது.

அவர் ரேக்குப் புத்தகத்தைத் திறந்தார். தூரிகையால் ஒன்றை எடுத்து மேற்பலகையின் நடுவில் வைத்தார். பசை போடவில்லை. மூச்சும் விடவில்லை.

"பார்த்தீரா," என்றார் காரியஸ்தர். "இதுக்குப்போயா இவ்வளவு வீம்பு?"

"இருங்க. ஒரு தடவை மீட்டிப் பார்த்துடறேன்."

கனத்த தந்தியை இழுத்து விட்டார்.

வீணை பேசியது. ரேக்கின் விளிம்பு நடுங்கியது. ஒரு மூலை தூக்கிக்கொண்டது. காரியஸ்தர் திறந்துபோட்ட கதவு வழியாகக் காற்று வந்தது. ரேக்கு எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, காரியஸ்தரின் கழுத்து வியர்வையில் போய் ஒட்டிக்கொண்டது.

அவர் கவனிக்கவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கே போச்சு?"

"உங்க கழுத்துல இருக்குங்க. பலகை வேண்டாம்னுடுச்சு."

காரியஸ்தர் தடவினார். தடவத் தடவ அது காது வரை பரவியது.

"என்ன விளையாட்டு இது? ஒழுங்கா ஒட்டும்."

"ஒட்டமாட்டேங்க."

"ஒரே ஒரு ரேக்குதானே ஓய்."

"ரேக்கு ஒண்ணுதான். அது உட்கார மாவு மெத்தை போடணும். நான் போடறதா இல்லை."

"சாயங்காலத்துக்குள்ள இடம் காலியாகணும். வீணையை வெச்சிட்டுப் போங்க. அது ஜமீன் கேட்ட வீணை."

"ஜமீன் கேட்டது பலகையில தங்கம் வெச்ச வீணைங்க. அது இங்கே இல்லை."

காரியஸ்தர் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். தெருவில் எதிரே வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். மரியாதைக்கு நிற்கிறார்கள் என்று நினைத்து அவர் தங்கக் கழுத்தை ஆட்டிக்கொண்டே போனார்.

சிவக்கொழுந்து வீணையை மடியிலிருந்து இறக்கிவைத்தார். பிறகு உளிகளைக் கட்டலாம் என்று உள்ளறைக்குப் போனார். காலையிலிருந்து அவர் அங்கே போகவில்லை.

உளிகள் மாட்டியிருந்த சுவர் காலி.

தரையில் சாக்கு மூட்டைகள் வரிசையாக இருந்தன. ஒன்றில் உளிகள். ஒன்றில் மெழுகும் பித்தளை மெட்டுகளும். மாவுக் கிண்ணத்தை வைக்கோல் சுற்றிக் கட்டியிருந்தது. கடைசியாக ஒரு சின்ன மூட்டை. அதன் வாயில் அவருடைய பழைய சுத்தியலின் பிடி எட்டிப்பார்த்தது.

வாசலில் மாட்டின் மணிச் சத்தம் கேட்டது. கோமளவல்லி உள்ளே வந்தாள்.

"வண்டி வந்திடுச்சு அண்ணே. யாளி முகத்துல துணி சுத்திடுங்க. வழியெல்லாம் புழுதி."

அவர் மூட்டைகளைப் பார்த்தபடி நின்றார்.

"இதெல்லாம் எப்போ கட்டினீங்க?"

"நீங்க குளிக்கப் போனப்போ."

"நான் என்ன சொல்லப்போறேன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

"நான் சரின்னு சொல்லியிருந்தா?"

கோமளவல்லி சின்ன மூட்டையை எடுத்து அவர் தோளில் வைத்தாள்.

"இதை மட்டும் அவிழ்த்து வெச்சிட்டுப் போயிருப்பேன்."