புளிச்சைக்குப் புளிப்பு வந்த வழி

அந்தக் காலத்தில், ஆடும் எறும்பும் செடியும் மனிதர்களின் பேச்சையே பேசிக்கொண்டிருந்தபோது, புளிச்சைக் கீரைக்குப் புளிப்பு இல்லை. புளிச்சை என்ற பெயரும் இல்லை. பச்சை என்று மட்டும் கூப்பிட்டார்கள். தண்டு வழவழப்பாக, அடி முதல் நுனி வரை பச்சையாக இருந்தது. இலைக்குச் சுவை என்று எதுவும் இல்லை. ஆடு ஒருமுறை கடித்துப் பார்த்துவிட்டு, "தின்ன மாதிரியும் இருக்கு, தின்னாத மாதிரியும் இருக்கு. எனக்குக் கொழப்பமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது.

காத்தாயி வீட்டுக் கொல்லையில், பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடுகிற இடத்தில் அது தானாக முளைத்திருந்தது. செம்பருத்தி அதற்கு அக்கா முறை. அக்காவை வாசலில் வைத்திருந்தார்கள். பூத்தவுடன் சாமிக்குப் பறித்துக்கொண்டு போவார்கள். நிறமெல்லாம் அக்காவுக்குப் போய்விட்டது, தனக்கு மணமாவது வேண்டும் என்று பச்சை நினைத்தது. மண்ணில் கிடைத்த இனிப்பைச் செலவழிக்காமல் உள்ளே சேர்த்து வைத்தது. பூக்கிற காலத்தில் அத்தனையும் மணமாக வெளியே வரும், காத்தாயி அந்தப் பூவைத் தலையில் வைத்துக்கொள்வாள் என்பது அதன் எண்ணம். யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

காத்தாயிக்கு அப்போது மசக்கை. முதல் பிள்ளை. சோறு, கூழ், பால், தேன் எது உள்ளே போனாலும் நிற்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடி வருவாள். பச்சைக்குப் பக்கத்தில் குந்தி எல்லாவற்றையும் வாந்தி எடுத்த பிறகு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்பாள்.

"உன் மேல பட்டுருச்சா?"

"கொஞ்சம் பட்டுச்சு. தண்ணி ஊத்திட்டுப் போங்க அக்கா. இன்னைக்கு என்ன?"

"கேழ்வரகுக் கூழு. உங்க மாமா காய்ச்சினது. மசக்கை இல்லாதவளுக்கே வந்துரும்."

"வேற என்னதான் வேணும் உங்களுக்கு?"

காத்தாயி யோசித்தாள். "பல்லு கூசணும். கண்ணு தானா மூடிக்கணும். நாக்கைப் புடிச்சு யாரோ இழுக்கிற மாதிரி இருக்கணும். அதுக்குப் பேரு என்னன்னு தெரியலையே."

அந்தப் பக்கத்துக்குப் புளியமரம் அப்போது வந்திருக்கவில்லை. எலுமிச்சையும் வந்திருக்கவில்லை. இல்லாத ஒன்றைத்தான் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பாள். கையை உயர்த்தினால் வளையல் முழங்கை வரை ஓடியது. "வர்றேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போவாள். சாயங்காலம் மறுபடியும் வருவாள். அவள் சொன்னதும் வந்ததும் சரியாகவே இருந்ததால் பச்சைக்கு அதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை.

ஒரு நாள் காலையில் வெறும் தண்ணீர் மட்டும் வெளியே வந்தது. அதற்கே அவள் உடம்பு வளைந்து நிமிர்ந்தது. பட்டுவிட்டதா என்று கேட்கவில்லை. "வர்றேன்" என்று மட்டும் சொன்னாள். அன்று சாயங்காலம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கொல்லைக் கதவு சாத்தியே இருந்தது.

பக்கத்துப் பூவரச மரத்தில் முசுறுகள் இருந்தன. இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டுகிற சிவப்பு எறும்புகள். அவற்றில் மூத்தது கீழே இறங்கி வந்தது.

"என்ன தங்கச்சி, கதவையே பாத்துக்கிட்டிருக்கே?"

"காத்தாயி அக்கா வரணும். வர்றேன்னு சொல்லிட்டுப் போனாங்க."

முசுறு சிரித்தது. "நீ முளைச்சது இந்த மழைக்குத்தானே, உனக்கெங்கே தெரியும்? மனுசங்க போகும்போது எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. ஊரை விட்டே ஓடிப்போறவனும் வர்றேன்னுதான் சொல்லிட்டுப் போறான்."

"போறவங்க போறேன்னு சொன்னா என்ன?"

"பயம். போறேன்னு சொன்னா ஒரேயடியா போயிருவோமோன்னு பயம்."

"அப்ப வரணும்னு ஆசை இருக்கு, அதான் அப்படிச் சொல்றாங்க" என்றது பச்சை.

"ஆசை இருந்து என்ன? தெம்பு வேணாமா? நான் கூரை வழியா எட்டிப் பாத்தேன். சுருண்டு கெடக்கு. அது வாடுறதோட வயித்துல இருக்கிறதும் சேந்து வாடுது."

காத்தாயி கேட்டதை, பல் கூசுவதையும் கண் மூடுவதையும் நாக்கை இழுப்பதையும், பச்சை சொன்னது. முசுறு தலையை ஆட்டியது.

"அதுவா? அது எங்ககிட்டதான் இருக்கு. தெரியாம எங்களை வாயில போட்ட கோழியைக் கேட்டுப் பாரு, சொல்லும்."

"எனக்குக் கொஞ்சம் குடுங்கண்ணே. என் இலையில இருந்தா அவங்களால திங்க முடியும்."

"மொண்டு குடுக்கிற பொருளா அது? கடிச்சுத்தான் இறக்கணும். நாங்க எல்லாரும் சேந்து தண்டு பூராவும் கடிக்கணும். தண்டு செவந்து போகும். கடிச்ச எடமெல்லாம் முள்ளா நிக்கும். அப்புறம் வழவழப்பு திரும்பி வராது."

"சரி."

"சும்மா கடிக்க மாட்டோம். உனக்குள்ள என்னமோ இனிப்பு வாசம் அடிக்குதே, அது என்ன?"

"அது பூவுக்கு."

"பூவுக்குன்னா பூவுக்கே வெச்சுக்கோ. எங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்லை." முசுறு திரும்பி மரத்தில் ஏறத் தொடங்கியது.

பச்சை கதவைப் பார்த்தது. உள்ளிருந்து ஓங்கரிக்கிற சத்தம் வந்தது. அதுவும் பாதியில் நின்றது.

"எடுத்துக்குங்கண்ணே" என்றது.

முசுறுகள் வரிசையாக இறங்கி வந்தன. தண்டின் அடியில் தொடங்கி மேலே போயின. பச்சை சத்தம் போடவில்லை. இலைகள் மட்டும் காற்று இல்லாமலே ஆடின. அவை திரும்பிப் போகும்போது தண்டு சிவந்து, தொட்டால் உறுத்துகிறதாக ஆகியிருந்தது. ஒவ்வொரு இலையின் அடியிலும், நடு நரம்பில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு துளி இனிப்பு வந்து நின்றது. அது முசுறுகளின் பங்கு.

மறுநாள் காத்தாயியின் கணவன் சடையன் அடிப்பிடித்த சட்டியைக் கழுவக் கொல்லைக்கு வந்தான்.

"மாமா, அக்காவைக் கூட்டிட்டு வாங்க" என்றது பச்சை.

"அவளால எந்திரிச்சு உக்காரவே முடியலை. நீ வேற."

"வர்றேன்னு சொன்னாங்களே."

சடையனுக்குக் கோபம் வந்தது. பிறகு, பல நாளாகச் சிரிக்காதவனுக்குச் சிரிப்பும் வந்தது. உள்ளே போய், "ஏ புள்ள, கொல்லையில உன் சிநேகிதி சொல்றதைக் கேட்டியா? நீ சொன்ன சொல்லு தவறிட்டியாம்" என்றான்.

காத்தாயி கண்ணைத் திறந்தாள். "நானா? நானா தவறினேன்? புடிங்க கையை."

அவளைத் தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்து உட்கார வைத்தான். அவள் செடியைப் பார்த்தாள். "என்னடி இது, தண்டெல்லாம் செவந்து கெடக்கு?"

"அது கெடக்கட்டும். என் நுனியைக் கிள்ளி வாயில போடுங்க."

"உன்னையா? நான் என்ன ஆடா?"

"ஆடு தின்னுட்டுக் கொழப்பமா இருக்குன்னு சொல்லுச்சு. நீங்க தின்னுட்டு என்னன்னு சொல்லுங்க."

அவள் தயங்கினாள். சடையன், "தின்னுதான் பாரேன், நான் காய்ச்சினதை விட மோசமாவா இருக்கப் போவுது?" என்றான். அவள் இரண்டு விரலால் நுனியைக் கிள்ளி நாக்கில் வைத்தாள்.

கண் தானாக மூடிக்கொண்டது. தோள் குலுங்கியது. சடையன் பழக்கத்தில் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றான். ஒன்றும் வெளியே வரவில்லை. அவள் மென்றாள். விழுங்கினாள்.

"புளிச்சுனு இருக்கு" என்றாள். அந்தச் சொல்லை அதற்கு முன் யாரும் சொன்னதில்லை. அவள் வாயில் அதுவாகவே வந்தது. பிறகு தலையைத் திருப்பி, "ஏங்க, சோறு இருக்கா?" என்று கேட்டாள். சடையனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கழுவாத சட்டியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினான்.

மறுநாள் காத்தாயி தானே நடந்து வந்தாள். கையை நீட்டினாள்.

"வாங்க அக்கா" என்றது செடி.

கை நின்றுவிட்டது. கிள்ளிய இடத்தில் தண்ணீர் மாதிரி ஒன்று காய்ந்திருந்தது. "நேத்து வலிச்சுதா?"

அந்தக் காலத்துச் செடிகளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "கொஞ்சம்" என்றது.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். வெறும் சோற்றைத் தின்று அதையும் வெளியே எடுத்தாள். சடையன் தானே இலையைப் பறித்துக்கொண்டு போனான். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். "என்னை அக்கான்னு கூப்பிடுறவளை மென்னு முழுங்கச் சொல்றீங்களா? உங்களால முடியுமா?" என்று கேட்டாள். அவன் இலையைக் கீழே வைத்தான். அவள் வளையல் மறுபடியும் முழங்கைக்கு ஓடியது.

சடையன் கொல்லைக்கு வந்து செடிக்கு முன்னால் நின்றான்.

"உன் மேல எனக்குக் கோவம் இல்லை" என்றான். "ஆனா நீ வாயைத் திறந்தா அவ வாயைத் திறக்க மாட்டேங்கிறா. நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

செடி எதையும் சொல்லவில்லை. அவன் பதிலுக்குக் காத்திருந்துவிட்டுப் போனான்.

அடுத்த நாள் காலையில் காத்தாயி வாயைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். எல்லாம் முடிந்து முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"உன் மேல பட்டுருச்சா?"

பதில் இல்லை.

"ஏய், உன்னைத்தான் கேக்கிறேன்."

முசுறு ஒன்று இலைக்கு அடியில் வந்து தன் துளியைக் குடித்துவிட்டுப் போனது.

"கோவமா? நான்தான் கிள்ளலையே. எதுக்குடி கோவம்? ஒரு வார்த்தை சொல்லேன்."

வெயில் சுவரைத் தாண்டிக் கொல்லைக்குள் வந்தது. அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். தண்டைத் தடவினாள். முள் உறுத்தியது. இலையை முகர்ந்தாள், வாயில் எச்சில் ஊறியது. மறுபடியும் கூப்பிட்டாள். இது செடி, வெறும் செடி என்று கடைசியில் அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதும் கொஞ்சம் அழுதாள். பிறகு ஒரு நுனியைக் கிள்ளினாள். இன்னொன்றைக் கிள்ளினாள். மடி நிறைந்தது. சடையன் அதை எண்ணெயில் வதக்கி, உப்பும் மிளகும் வைத்து நசுக்கிக் கொடுத்தான். அவள் அதைத் தொட்டுக்கொண்டு பானையில் இருந்த சோற்றைத் தின்று முடித்தாள்.

பெண் பிறந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு காத்தாயி கீரை பறிக்க வந்த ஒரு நாளில் செடி பூத்திருந்தது. வெளிறிய மஞ்சள், நடுவில் கருஞ்சிவப்பு. ஒரு பூவைப் பறித்து முகர்ந்து பார்த்தாள். மணம் இல்லை. அதைச் செடியின் காலடியில் போட்டுவிட்டு, இலையை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். செடி அப்போதும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று முதல்தான், புளிச்சையின் நுனியை யார் கிள்ளினாலும் அது ஒன்றும் சொல்வதில்லை. கிள்ளிய இடத்தில் இரண்டு துளிர் விடுகிறது.