நரி வெட்டிய குழி

ஒரு காட்டின் ஓரத்தில், ஓடையைப் பார்த்துச் சரிந்த ஒரு துண்டுச் செம்மண் நிலம் இருந்தது. அதில் பூவாயி என்ற முயல் நிலக்கடலை விதைத்து, தன் குட்டிகளை வளர்த்து வந்தது.

இரண்டு வருடமாக அதற்குப் போதாத காலம். வானம் ஒரே நாளில் கொட்டித் தீர்த்துவிடும். தண்ணீரெல்லாம் ஓடையில் இறங்கிப் போய்விடும். பிறகு ஒரு தூறல்கூட இராது. செடிகள் நின்ற இடத்திலேயே காய்ந்துவிடும்.

"இந்த வருஷமும் இப்படின்னா, குட்டிகளைக் கூட்டிக்கிட்டு மலைக்கு அந்தப் பக்கம் போயிட வேண்டியதுதான்" என்று பூவாயி அழுதது.

அதைக் கேட்ட பக்கத்து நிலத்து நரிக்கு வாயெல்லாம் பல். முயல் போய்விட்டால் அந்த நிலமும் தனக்குத்தானே!

கோடையில் ஒரு நாள், பூவாயி தன் நிலத்தின் தாழ்ந்த மூலையில் குழி வெட்டத் தொடங்கியது.

எதிர் நிலத்து அணில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "அக்கா, இருக்கிறதே கையகல நிலம். அதுலயும் குழி வெட்டிட்டா எதுல விதைப்பே?"

"ஓடிப்போற மழைத்தண்ணி கொஞ்ச நாள் இங்கே தங்கட்டுமே" என்றது பூவாயி.

நரியும் வந்து பார்த்தது. 'வெட்ட வெட்ட நிலம் குறையும். நிலம் குறைந்தால் கடலை குறையும். கடலை குறைந்தால் முயல் கிளம்பிவிடும்' என்று நினைத்தது. எப்பேர்ப்பட்ட மூளை, பாருங்கள்!

"தங்கச்சி, உன் பிஞ்சுக் கையால எவ்வளவு வெட்டுவே? அண்ணன் நான் எதுக்கு இருக்கேன்?" என்று குழிக்குள் குதித்தது.

"போதும் அண்ணே" என்று முயல் சொல்லியும் நரி விடவில்லை. "நீ சும்மா இரு. இன்னும் ஆழமா வெட்டுறேன்!" என்றது. நகம் தேய்ந்தது. இடுப்புப் பிடித்துக்கொண்டது. முனகிக்கொண்டே குகைக்குப் போய்ப் படுத்துவிட்டது.

வெட்டிப் போட்ட மண்ணை முயல் சுற்றிலும் கரையாக அணைத்தது. கரையின்மேல் துவரையும் அவரையும் ஊன்றியது.

வழக்கம்போல மழை ஒரே நாளில் கொட்டியது. குழி நிரம்பித் தளும்பியது. வழக்கம்போல, அதன்பிறகு மழையைக் காணோம். கடலை காய் பிடிக்கிற நேரத்தில் அக்கம்பக்கத்து நிலமெல்லாம் வாடிப்போனது. பூவாயியும் குட்டிகளும் மட்டும் குடம் குடமாக மொண்டு செடிகளுக்கு ஊற்றின.

எல்லோருடைய பயிரும் காய்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டு, நரி மீசையை முறுக்கிக்கொண்டு எழுந்து வந்தது. வந்து பார்த்தால், பூவாயியின் களத்தில் கடலை குவிந்து கிடக்கிறது! கரையில் அவரை கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. சந்தைக்குப் போகத் தனியாக மூட்டை கட்டி வைத்திருக்கிறது.

"வாங்க அண்ணே! நீங்க வெட்டின குழியாலதான் பிழைச்சோம்" என்று முயல் கண்கலங்கிச் சொல்லி, ஒரு கூடை கடலையை நரியின் கையில் வைத்தது.

நரி கூடையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பியது.

மறுநாள் விடிந்ததும் அதன் குகை வாசலில் ஒரே கூட்டம். முதல் ஆளாக அணில் நின்றது.

"நரியண்ணே, எங்க நிலத்துலயும் ஒரு குழி வெட்டித் தர்றீங்களா? நீங்க நல்லா ஆழமா வெட்டுவீங்களாமே! அடுத்த வருஷம் விளைஞ்சதும் கூலிக்குக் கடலை தர்றோம்."

நரி காய்ந்து கிடந்த தன் நிலத்தைப் பார்த்தது. பெருமூச்சு விட்டது.

"வரேன், வரேன். முதல்ல என் நிலத்துல ஒண்ணு வெட்டிட்டு வரேன்!"

நீதி: பெய்யும் மழையைத் தன் நிலத்திலேயே தேக்கி வைப்பவர், பெய்யாத நாளிலும் விளைச்சல் காண்பார்.