மழைக்கு மறுநாள் திறந்த படல்

இதைச் சரியாகச் சொல்வேனா என்று பயமாக இருக்கிறது. ஒரு வார்த்தை தவறினாலும் பழி மண்புழுவின் மேல் விழுந்துவிடும். பழி அதனுடையது இல்லை.

மாடும் புழுவும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், காங்கயம் பக்கம் பாவாயி என்பவளுக்கு ஒரு மேய்ச்சல் காடு இருந்தது. சுற்றிலும் கிளுவை வேலி, வாசலை அடைக்க ஒரு முள்படல், உள்ளே கொழுக்கட்டைப் புல், ஆறு மாடுகள். மண்ணுக்கடியில் ஒரு மண்புழு தன் கூட்டத்தோடு குடியிருந்தது. அவை ஓயாமல் துளைத்ததால் மழைநீர் உள்ளே இறங்கியது, வேருக்குக் காற்றுப் போனது, புல் முழங்கால் உயரம் நின்றது. பொழுது சாய்ந்தால் பாவாயியும் புழுவும் படலோரம் ஊர்க்கதை பேசுவார்கள்.

ஒரு வருடம் மழை தவறியது. மாட்டுக்குச் சேர்த்துவைத்த சோளத்தட்டுப் போர் தரையோடு தீர்ந்தது. செவலைப் பசுவுக்குப் பால் வற்றி, அதன் கன்று எழுந்து நிற்கத் தடுமாறியது. கடைசியில் மூன்று நாள் அடைமழை. நான்காம் நாள் காலை காடெங்கும் பச்சை தெரிந்தது.

பாவாயி படலில் கை வைத்தாள். புழு தலை நீட்டியது.

“ஆத்தா, இன்னிக்கு வேணாமுங்க. மண்ணு களி மாதிரி இருக்குது. மாடு மிதிச்சா எங்க வழியெல்லாம் அடைபட்டுப் போகும். மூணு நாள் காயட்டும்.”

செவலை சிரித்தது. “காலே இல்லாதவன் நடக்கறதுக்கு யோசனை சொல்றான் பாரு.”

“கால் இல்லீங்க. அதனாலதான் ஓடித் தப்பிக்கவும் முடியாது,” என்றது புழு.

பாவாயி கன்றைப் பார்த்தாள். “ஒரு நாள்தானே, பொறுத்துக்க சாமி,” என்று சொல்லிப் படலைத் திறந்தாள்.

மாடுகள் வயிறார மேய்ந்தன. அடுத்தடுத்த நாள் வெயிலில் காடு மெழுகிய களம்போல இறுகியது. மிச்சப் புல் மஞ்சளாகிப் படுத்தது. புதுப்புல் முளைக்கவில்லை. கன்றும் பிழைக்கவில்லை.

பாவாயி கடப்பாரை எடுத்துச் சாணுக்கு ஒரு துளையாகக் காடு முழுக்கக் குத்தினாள். ஒவ்வொரு துளையிலும் குனிந்து, “இருக்கியா சாமி?” என்று கேட்டாள். எட்டாம் நாள் ஒரு துளையில் அந்தப் புழு மட்டும் தெரிந்தது. கூட்டம் இல்லை. வாய் நிறைய மண் இறுகியிருந்தது. ஏதோ சொல்லப் பார்த்தது, முடியவில்லை.

“மூணு நாள்தானே கேட்டே,” என்றாள் பாவாயி. அது உள்ளே போய்விட்டது. அவள் குத்திய துளைகளின் வழியேதான் அடுத்த மழைக்குப் புல் வந்தது. படலோரம் பேசத்தான் யாரும் வரவில்லை.

மண்புழு பேசாமல் போனது அன்று முதல்தான். மழை பெய்தால் மேலே வந்து, படல் சாத்தியிருக்கிறதா என்று பார்த்துப் போவதும் அன்று முதல்தான்.

நேற்று இங்கே நல்ல மழை. தொழுவத்தில் கன்று கத்துகிறது. என் மனதின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. படலைப் பூட்டி, சாவியை வெள்ளகோவிலில் இருக்கும் நாத்தனாருக்குப் பஸ்ஸில் கொடுத்தனுப்பிவிட்டேன். மூன்று நாள் கழித்துச் சாவியோடு வந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.