செவலி கண்ட நிழல்

நாய்க்கு நாம் செய்தது அநியாயம். கண்டதைக் கண்டபடி சொன்னவளுக்கு, ‘ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துக் குரைக்கிற கிறுக்கு’ என்று பெயர் வைத்தோம், கல்லெடுத்தும் எறிந்தோம். ஒன்றுமில்லை என்று சொன்னது யார்? பார்க்காதவர்கள். பார்த்தவளை யாராவது விசாரித்தார்களா?

அந்தக் காலத்தில், மிருகங்களுக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சு இருந்த நாளில், கரிசல் காட்டில் வீரணன் என்றொருவன் கிடை போட்டு ஆடு மேய்த்தான். மனைவி பெயர் இருளாயி. நாயின் பெயர் செவலி.

செவலி எல்லாவற்றையும் பார்ப்பாள். ஓணான், பருந்து, தூரத்துப் புழுதி, எதையும் விடமாட்டாள். வீரணனுக்கு அது பிடிக்கவில்லை. தன் கம்பு காட்டும் இடத்தை மட்டும் பார்க்கும்படி அவளைப் பழக்கினான். பத்தடி தள்ளி ஒரு குச்சி நட்டு, அதில் வெள்ளைத் துணி கட்டுவான். கம்பை நீட்டி, “பாரு” என்பான். “போதும்” என்று அவன் சொல்லும்வரை கண் அசையாதிருந்தால் ஓர் உருண்டை கம்பங்களி. அசைந்தால் வெறுங்கை. ‘ஒரு நாளும் அடித்ததில்லையே’ என்று பிற்பாடு அவனுக்காகப் பரிந்து பேசினார்கள். பட்டினி போட்டதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

துணி போய்க் கல் வந்தது. கல் போய், நாற்பது ஆட்டில் ஒரே ஓர் ஆடு.

ஒருநாள் உச்சி வெயில். ஆட்டின் நிழல் அதன் வயிற்றடியிலேயே சுருண்டு கிடந்தது.

“அண்ணே,” என்றாள் செவலி. “உடைமரத்துக்கிட்ட ஒருத்தன் நிக்கிறான். நமக்கெல்லாம் நிழல் காலடியில கெடக்கு. அவனுக்கு மட்டும் நீளமா விழுது.”

“கம்பு அங்கிட்டா காட்டுது?”

“இல்ல.”

“அப்புறம் உனக்கு அங்க என்ன வேல?”

ஒப்புக்கு வீரணன் திரும்பிப் பார்த்தான். மரமும் வெயிலும்தான் இருந்தன. அன்றைக்குச் செவலிக்குக் களி இல்லை.

அவள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். தான் பார்த்துக்கொண்டிருக்கும்வரை அந்த நீள நிழல்காரன் நகர்வதில்லை. கம்பு காட்டும் பக்கம் கண்ணைத் திருப்பினால், அவன் நெருங்கிவிடுகிறான். ஐந்து உச்சிப்பொழுதுகள் போயின. அவன் ஆடு அடைக்கும் படலுக்கு வெளியிலேயே வந்து நின்றான்.

“அவ சொல்றத ஒருக்கா காது குடுத்துக் கேட்டா, தல எறங்கிப் போயிருமா?” என்றாள் இருளாயி.

“நாய் சொல்லி நான் கேட்டா, இங்க யாரு யாருக்குக் கம்பு புடிக்கிறது?” என்றான் வீரணன்.

ஆறாம் நாள் பக்கத்துக் கிடைக்காரன் மாயழகு வந்தான்.

“ஏ மாமா, கம்பக் காட்டுனா உன் நாய் காத்தக்கூடப் பாக்குமாமே!”

“நீயே பாத்துக்க.” வீரணன் கம்பைத் தூக்கி, வேடிக்கைக்காகப் படலுக்கு வெளியே வெறும் இடத்தில் நீட்டினான். “செவலி, பாரு!”

செவலி பார்த்தாள். முதுகு மயிர் குத்திட்டு நின்றது. அங்கே நின்ற நிழல்காரனுக்கு, முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெயில் மட்டுமே இருந்தது.

“அண்ணே, இன்னைக்குத்தான் சரியான எடத்தக் காட்டிருக்கீங்க. நான் பாக்குற வரைக்கும் அவன் அசைய மாட்டான். ‘போதும்’னு மட்டும் சொல்லிராதீங்க.”

மாயழகு கைகொட்டிச் சிரித்தான். “பாக்கச் சொன்னா பாக்குது. விடச் சொன்னா விடாது போலயே!”

வீரணனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

“போதும்,” என்றான்.

செவலி திரும்ப நினைக்கவில்லை. எத்தனையோ களி உருண்டைகள் பழக்கிய கழுத்து அதுவாகத் திரும்பியது. ஒரு கணம்தான். மறுபடி அவள் பார்த்தபோது படலுக்கு வெளியே யாரும் இல்லை. கம்பு தரையில் கிடந்தது. வீரணன் நின்ற இடத்திலேயேதான் நின்றான். ஆனால் அவன் காலடியிலிருந்து ஒரு நிழல் கிளம்பி, உடைமரம் வரை நீண்டு கிடந்தது. இருளாயி அலறியும் அவன் திரும்பவில்லை. அந்த நிழலின் மேலேயே நடந்து போனான். மரத்தடியை எட்டியதும் ஆளும் இல்லை, நிழலும் இல்லை.

கிடைக்காரர்கள் கூடினார்கள். “நாய் இருந்தும் ஆளப் பறிகுடுத்தாச்சு. காவல் காத்த லட்சணம் இதுதானா? வெறும் எடத்த மொறச்சுக்கிட்டு நின்னுருக்கு, கிறுக்கு நாய்!” என்றார்கள். எல்லாம் தெரிந்த மாயழகு வாயைத் திறக்கவில்லை.

இருளாயி மட்டும் அவள் முன்னால் உட்கார்ந்தாள்.

“செவலி, இனிமே உனக்கு யாரு கம்பு காட்டுறது?”

“யாரும் காட்ட வேணாம் மதினி. சொல்லிப் பாத்தேன், கேக்க ஆளில்ல. இனி சொல்ல மாட்டேன். பாக்க மட்டும் செய்வேன். யாரு ‘போதும்’னாலும் திரும்ப மாட்டேன்.”

நாய் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். அதற்குப் பிறகு அவள் வாயில் வந்ததெல்லாம் வெறும் குரைப்புதான்.

அன்று முதல்தான், வெற்றிடத்தைப் பார்த்து நாய் குரைக்கும்போது “போதும், சும்மா இரு” என்று எவ்வளவு அதட்டினாலும் அது கழுத்தைத் திருப்புவதில்லை. நாம் வெளியே போய் வீடு திரும்பினால், முகத்தைப் பார்ப்பதற்கு முன் நிழல் கிளம்பும் நம் காலடியை முகர்ந்து பார்த்து, வந்திருப்பது நாம்தானா என்று உறுதி செய்துகொள்கிறது.