அடுத்த வருஷத்துத் தேர்

ஏற்றமும் இறக்கமும் தவிர வேறு பாதையே இல்லாத ஒரு நாட்டை முன்னொரு காலத்தில் வெண்கொடிச் சேந்தர் என்ற மன்னர் ஆண்டுவந்தார். நல்ல மனிதர். போர் என்றாலும் தயங்க மாட்டார், தானம் என்றாலும் தயங்க மாட்டார். ஆனால் தமக்கென்று ஒரு பொருள் வாங்க வேண்டும் என்றால் மட்டும் அவருக்கு மனமே வராது. குடைக்காரன் குடையை விரித்துக் காட்டினால், "இதைவிட நல்ல குடை வரப்போகிறதாமே, உண்மையா?" என்று கேட்பார். அவன் விழிப்பான். மன்னர் மழையில் நனைந்தபடி அரண்மனைக்குத் திரும்புவார்.

அந்த நாட்டுக்கு ஆண்டுதோறும் திருவிழாச் சமயத்தில் வயிரவி என்ற தச்சச்சி ஒரு புதுமாதிரித் தேரைக் கொண்டுவருவாள். பார்ப்பதற்குச் சாதாரணத் தேர்தான். விஷயம் அடியில் இருந்தது. இறக்கத்தில் தேர் இறங்கும்போது, சக்கரம் சுற்றுகிற வேகத்தில் அடியிலிருக்கும் பெரிய எஃகுச் சுருள் தானாகவே முறுக்கேறிக்கொள்ளும். ஏற்றம் வந்ததும் அந்த முறுக்கு அவிழ்ந்து சக்கரத்தைத் தள்ளும். குதிரைக்குப் பாதி வேலை, சுருளுக்குப் பாதி வேலை. ஜனங்கள் அதற்குப் பாதிக் குதிரைத் தேர் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

மன்னருக்கு அந்தத் தேர்மேல் கொள்ளை ஆசை. ஒவ்வொரு ஆண்டும் அதைச் சுற்றிச் சுற்றி வருவார், சக்கரத்தைத் தட்டிப் பார்ப்பார், குனிந்து சுருளைப் பார்ப்பார். அந்த நேரம் பார்த்து லாயத் தலைவர் அரிகண்டர் அவர் காதருகே வந்து, "அடுத்த வருஷம் இன்னும் பெரிய சுருள் வைக்கிறார்களாம், மன்னா" என்பார். அவ்வளவுதான், மன்னர் பெருமூச்சு விட்டுவிட்டுப் போய்விடுவார். பாதிக் குதிரை போதும் என்று ஆகிவிட்டால் லாயமும் பாதியாகிவிடும், தம் பெருமையும் பாதியாகிவிடும் என்பது அரிகண்டரின் கவலை.

இந்தத் திருவிழாவின்போது ஒரு சிக்கல் வந்தது. மன்னரின் ஒரே மகள் மாதங்கியைக் குளிர்க்குன்றத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவளுக்கு இது நிறைமாதம். மகாராணி பொற்கொடியாளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆனால் அரண்மனையின் பழைய தேரோ, அந்த மலைப்பாதையில் ஒவ்வொரு முறையும் அச்சு முறிந்து நடுவழியில் நின்று பழகியது.

"என் மகள் வலியில் என்னைத் தேடும்போது நான் பள்ளத்தில் அச்சுக்குக் காவல் இருக்க வேண்டுமா?" என்று ராணி சபையிலேயே கேட்டுவிட்டாள். "அந்தத் தச்சச்சியின் தேரை வாங்குங்கள்."

"வாங்கலாம் தேவி. ஆனால் அடுத்த வருஷம்..."

"பேரப்பிள்ளை அடுத்த வருஷம்வரை உள்ளேயே இருக்குமா?"

சபை சிரிப்பை அடக்கிக்கொண்டது. அடக்காமல் சிரித்தவன் ஒருவன்தான், விகடகவி செவ்வந்தியப்பன். அரிகண்டருக்கு அவனைக் கண்டாலே ஆகாது. சபைப் புலவர் வாகைநாடருக்கும் ஆகாது. தாம் நூறு பாட்டுப் பாடியும் வாங்காத பரிசை அவன் ஒரு தும்மலில் வாங்கிவிடுகிறானே என்று அவருக்கு எரிச்சல். இருவரும் கண்ணால் பேசிக்கொண்டார்கள்.

அரிகண்டர் எழுந்தார். "மன்னா, இதை நம் செவ்வந்தியப்பரே முடிவு செய்யட்டும். இப்போது வாங்குவதா, காத்திருப்பதா? ஒரே சொல்லில் சொல்லட்டும்."

"அருமையான யோசனை" என்றார் வாகைநாடர். "ஆனால் பொறுப்பில்லாமல் சொல்லக் கூடாதல்லவா? அவர் வாங்கச் சொல்லி, பிறகு அதைவிட நல்ல தேர் வந்துவிட்டால் அவர் நாட்டை விட்டுப் போக வேண்டும்."

"காத்திருக்கச் சொல்லி, அதனால் மகாராணியார் மகளிடம் போய்ச் சேர முடியாமல் போனாலும் அதே தண்டனை" என்று முடித்தார் அரிகண்டர்.

மன்னருக்கோ முடிவெடுக்கும் பாரம் தம் தலையிலிருந்து இறங்கினால் போதும் என்று இருந்தது. "அப்படியே ஆகட்டும். செவ்வந்தி, நாளைக் காலையில் சொல்" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

செவ்வந்தியப்பன் அன்று மாலை, திருவிழாத் திடலில் தேருக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த வயிரவியிடம் போனான்.

"ஏம்மா, உண்மையைச் சொல்லு. அடுத்த வருஷம் இதைவிட நல்லதா வருமா?"

"வராம?" என்றாள் அவள், தலையைத் தூக்காமலே. "அதுக்கு அடுத்த வருஷம் அதையும்விட நல்லதா வரும். நான் என்ன கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன்னு நெனச்சீங்களா?"

செவ்வந்தியப்பன் கணக்குப் போட்டுப் பார்த்தான். வாங்கச் சொன்னால் நாடு கடத்தல் நிச்சயம் என்று ஆகிவிட்டதே! நாடு விட்டுப் போவதென்றால் அவனுக்கு வேறு எங்கே போக்கிடம்? அவனுடைய சிரிப்பு இந்த ஊர்ப் பேச்சில்தான் முளைக்கும், வேறு மண்ணில் அது எடுபடாது. தேரைச் சுற்றி வந்தான். உள்ளே மெத்தை போட்டிருந்தது. மேலே பந்தல்போல் துணி.

"எங்க ராஜா இதுல ஏறி உக்காந்திருக்காரா?"

"அதான் இல்லியே! தட்டிப் பாப்பாரு, குனிஞ்சு பாப்பாரு. ஏற மட்டும் மாட்டாரு. ஏறினா எறங்க மனசு வராதுன்னு பயமோ என்னவோ. வெள்ளோட்டம் பாக்கக் காசா பணமா? ஒரு தடவை ஓட்டிக் காட்டறேன்னு எவ்வளவோ சொல்லிட்டேன்."

செவ்வந்தியப்பன் முகம் மலர்ந்தது. "எவ்வளவு தூரம் வேணும்னாலும் வெள்ளோட்டம் போகலாமா?"

"குதிரை உங்களோடதுன்னா, தூரமும் உங்களோடதுதான்."

மறுநாள் சபை நிரம்பி வழிந்தது. மன்னர் கேட்டார்: "செவ்வந்தி, உன் சொல் என்ன?"

"காத்திருங்கள், மன்னா."

அரிகண்டர் புலவரின் தொடையைக் கிள்ளினார். ராணியின் கண்கள் கலங்கிவிட்டன. மன்னருக்குக்கூட முகம் வாடிவிட்டது. "எதுவரை?" என்றார்.

"இதைவிட நல்ல தேர் வரும்வரை. ஆனால் ஒன்று மன்னா. காத்திருப்பதென்றால் சும்மாவா? சிம்மாசனத்தில் உட்கார்ந்து காத்திருந்தால் வழக்கு வரும், வம்பு வரும். நின்றுகொண்டே காத்திருந்தால் கால் வீங்கும். நிழலும் மெத்தையும் நல்ல காற்றும் உள்ள இடம் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். எழுந்தருள வேண்டும்."

மன்னர் எழுந்து போனார். ராணியும் போனாள். சபையே பின்னால் போனது. அரண்மனை வாசலில் பாதிக் குதிரைத் தேர் நின்றுகொண்டிருந்தது.

"இது தேர் அல்லவா?"

"தேராக இருக்கலாம், மன்னா. நிழல் இருக்கிறதா? இருக்கிறது. மெத்தை? இருக்கிறது. காத்திருக்கச் சொன்னேனே தவிர, எங்கே உட்கார்ந்து காத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லையே. வெள்ளோட்டத்துக்குக் காசும் கிடையாது."

மன்னர் ஒரு காலை வைத்தார். பிறகு மறு காலையும் வைத்தார். மெத்தையில் அமர்ந்ததும் அவர் முகத்தில் பரவிய சுகத்தைப் பார்த்து வயிரவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தனியாகக் காத்திருந்தால் அலுப்பாக இருக்கும்" என்றான் செவ்வந்தியப்பன். "மகாராணியாரும் கூடவே காத்திருக்கலாமே."

ராணி கெட்டிக்காரி. அவனை ஒரு பார்வை பார்த்தாள். உள்ளே ஓடிப்போய் மகளுக்கென்று கட்டிவைத்திருந்த லேகியப் பானையையும் துணி மூட்டையையும் எடுத்துக்கொண்டு வந்து ஏறிக்கொண்டாள்.

"காற்று வேண்டுமே, மன்னா" என்றான் செவ்வந்தியப்பன். "நின்ற இடத்தில் ஏது காற்று? கொஞ்சம் நகர்ந்தபடி காத்திருக்கலாமா?"

அப்போதுதான் அரிகண்டருக்கு விஷயம் விளங்கியது. தடுத்தால் ராணியின் கோபத்துக்கு ஆளாக வேண்டும். அதனால் வேறு வழி யோசித்தார். "குதிரையை நானே தருகிறேன்!" என்று ஓடினார். லாயத்திலேயே மிகக் கிழடான கறுப்பி என்ற குதிரையைப் பிடித்துவந்து பூட்டினார். தீனித் தொட்டிவரை நடப்பதற்கே இரண்டு முறை நின்று யோசிக்கிற குதிரை அது. பாதி மலையில் தேர் நின்றுவிடும், பின்னாலேயே போய் மன்னரை மீட்டுக்கொண்டு வந்து பெயர் வாங்கலாம் என்று, பழைய தேரில் நான்கு கொழுத்த குதிரைகளைப் பூட்டித் தாமும் புலவரும் ஏறிக்கொண்டார்கள்.

வயிரவி கடிவாளத்தைப் பிடித்தாள். செவ்வந்தியப்பன் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். அரண்மனைக் குன்றிலிருந்து இறக்கம் தொடங்கியது. கறுப்பி சும்மா முன்னால் நடந்தது. அடியில் சுருள் கரகரவென்று முறுக்கேறிக்கொண்டே வந்தது.

"செவ்வந்தி, எங்கே போகிறோம்?"

"எங்கும் போகவில்லை, மன்னா. காத்திருந்துகொண்டிருக்கிறோம்."

ஆற்றைக் கடந்தார்கள். குளிர்க்குன்றத்து ஏற்றம் எதிரே சுவர்போல் நின்றது. கறுப்பி அதைப் பார்த்துவிட்டு நின்றது. காதை ஆட்டியது. பின்னாலிருந்து அரிகண்டர் எம்பி எம்பிப் பார்த்தார்.

வயிரவி ஒரு கட்டையைத் தட்டிவிட்டாள். "கொர்ர்ர்" என்று சுருள் அவிழ, தேர் முன்னால் நகர்ந்தது. பின்னாலிருந்து தள்ளுவது யாரென்று கறுப்பிக்குப் புரியவில்லை. திடுக்கிட்டு ஓட்டம் பிடித்தது. தன் வயதை மறந்து, வாலைத் தூக்கிக்கொண்டு குட்டிக் குதிரைபோல ஏறியது.

"தேவி! தேவி! கறுப்பி மலை ஏறுகிறது, பாரேன்!" மன்னர் மெத்தையிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். "நம் கறுப்பி! என் பட்டாபிஷேகத்தன்றே நொண்டிய குதிரை!"

"உட்காருங்கள், விழுந்துவிடப் போகிறீர்கள்" என்றாள் ராணி, அவர் அங்கவஸ்திரத்தைப் பிடித்து இழுத்தபடி. அவளுக்கும் சிரிப்புத் தாங்கவில்லை.

அப்போது பின்னாலிருந்து மடாரென்று ஒரு சத்தம். பழைய தேரின் அச்சு முறிந்தே போயிற்று. நான்கு குதிரைகளும் நான்கு திசை பார்த்து நின்றன. புலவர் புதருக்குள் கிடந்தார்.

குளிர்க்குன்றத்து மாளிகை வாசலில் தேர் நின்றதும் ராணி பானையும் மூட்டையுமாக உள்ளே ஓடினாள். "அம்மா!" என்று மாதங்கி கத்துவது வாசல்வரை கேட்டது. வலி அப்போதுதான் எடுக்கத் தொடங்கியிருந்தது.

மன்னர் மட்டும் தேரை விட்டு இறங்கவில்லை.

"வெள்ளோட்டம் முடிஞ்சுதுங்க, ராஜா" என்றாள் வயிரவி. "எறங்குனீங்கன்னா நான் கெளம்பிடுவேன். மேற்கு நாட்டு ராஜா கேட்டுவிட்டிருக்காரு."

மன்னர் தேரின் பந்தல்காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். "இறங்க மாட்டேன்."

"அப்போ வாங்கிக்கிறீங்களா?"

"வாங்கிக்கொண்டேன்! இந்தக் கணமே வாங்கிக்கொண்டேன். நீ அடுத்த வருஷம் இதைவிட நல்லதாகச் செய்தால் செய்துகொள். என் பேரப்பிள்ளை இந்த வருஷம்தான் பிறக்கிறது."

பொழுது உச்சி தாண்டிய பிறகு, உடம்பெல்லாம் புழுதியாக, மூச்சு இரைக்க, அரிகண்டரும் வாகைநாடரும் நடந்தே வந்து சேர்ந்தார்கள். மன்னர் இன்னும் தேரை விடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததுமே அரிகண்டர், "மன்னா! வாங்கியாகிவிட்டது அல்லவா? அடுத்த வருஷம் இதைவிட நல்லது வந்தால் செவ்வந்தியப்பர் நாட்டை விட்டுப் போக வேண்டும், நினைவிருக்கட்டும்!" என்றார்.

"ஐயா, நான் வாங்கச் சொன்னேனா?" என்றான் செவ்வந்தியப்பன் பணிவாக. "காத்திருக்கத்தான் சொன்னேன். சபையே கேட்டது. வாங்கியது மன்னர். அவரை நாடு கடத்துவதானால் நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

"ஆனால் காத்திருக்கச் சொன்னால்..." என்று புலவர் இழுத்தார்.

"மகாராணியார் போய்ச் சேர முடியாமல் போனால் அல்லவா தண்டனை? உள்ளே யார் குரல் கேட்கிறது, காது கொடுத்துப் பாருங்கள்."

உள்ளிருந்து ராணியின் அதட்டல் கேட்டது. அதைத் தொடர்ந்து வேறொரு குரலும் கேட்டது. சின்னக் குரல், ஆனால் மாளிகையே அதிர்ந்தது. பெண் குழந்தை.

மன்னர் அப்போதுதான் தேரிலிருந்து குதித்தார். குளிப்பாட்டித் துணியில் சுற்றிக் கொண்டுவந்த பேத்தியை ஆசையோடு வாங்கிக்கொண்டார். சற்று நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, "இந்தா செவ்வந்தி, நீ வாங்கு. நீ இல்லாவிட்டால் நான் இன்னும் அரண்மனை வாசலில் சக்கரத்தைத் தட்டிக்கொண்டிருப்பேன்" என்று அவனிடம் நீட்டினார்.

அரிகண்டருக்கும் வாகைநாடருக்கும் முகம் கறுத்தது. மன்னருக்கு அடுத்தபடியாக இளவரசியின் மகளை ஏந்தும் பெருமை ஒரு விகடகவிக்கா!

செவ்வந்தியப்பன் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டான். குழந்தை அவனை ஒரு கண்ணால் பார்த்தது. பிறகு நிதானமாக, நிறைவாக, அவன் தோள் முழுக்க நனைத்துவிட்டது.

சுற்றிலும் இருந்தவர்கள் பதறினார்கள். அவன் அசையவே இல்லை. நெஞ்சை நிமிர்த்தி, அரிகண்டரையும் புலவரையும் பார்த்துச் சொன்னான்: "சபையோரே, நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த நாட்டில் மன்னருக்குப் பிறகு முறைப்படி அபிஷேகம் ஆனவன் நான் ஒருவன்தான்."

வெண்கொடிச் சேந்தர் சிரித்த சிரிப்பில் கறுப்பி கனைத்தது, உள்ளே படுத்திருந்த மாதங்கி சிரித்தாள், கடைசியில் அரிகண்டரே வேறு வழியில்லாமல் சிரித்துவிட்டார். மன்னர் தம் தோளிலிருந்த பட்டை எடுத்து ஈரத் தோளின்மேல் போர்த்தி, கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அவனுக்கு அணிவித்தார். குழந்தை உடனே அந்த மாலையை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டது. யார் கேட்டும் விடவில்லை. பட்டோடும் மாலையோடும் பேத்தியோடும் செவ்வந்தியப்பன் அன்று பொழுது சாயும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.