கரடி தின்ற கோழித் தீவனம்

ஒரு காட்டின் ஓரத்தில், கோழிப் பண்ணையின் வேலிக்கு அருகே ஒரு கிழக் கரடி வாழ்ந்து வந்தது. தேன் என்றால் அதற்கு உயிர். ஆனால் சில மாதங்களாக அதற்குத் தீராத தாகம். எவ்வளவு தின்றாலும் உடல் இளைத்தது. முள் குத்திய காலில் புண் ஆறவே இல்லை.

ஒரு நாள் பண்ணையிலிருந்து தப்பிய வெள்ளைக் கோழி ஒன்று அசைந்து அசைந்து வந்தது. கரடியை அது முன்பின் பார்த்ததில்லை. அதனால் பயப்படவும் இல்லை.

"கொழுகொழுவென்று இருக்கிறாயே, உனக்கு என்ன வயது?" என்று கரடி கேட்டது.

"இரண்டு மாதம்கூட ஆகவில்லை, தாத்தா. எல்லாம் எங்கள் தீவனம்தான். மக்காச்சோளமும் சோயாவும் அரைத்துப் போடுவார்கள். தின்றால் போதும், உடம்பு தானாக ஏறும்."

"எனக்கும் கிடைக்குமா?"

"வேலியோரம் ஒரு மூட்டை கிழிந்து கிடக்கிறது. வேண்டிய மட்டும் தின்னுங்கள்."

கரடி வயிறு முட்டத் தின்றது. அதன் மேல் தேனும் குடித்தது. தாகம் கூடியது, கண் மங்கியது, புண் வீங்கியது. கடைசியில் ஓடைக்கரையில் சுருண்டு விழுந்தது.

"நல்லதென்று நினைத்துத்தானே சொன்னேன்" என்று கோழி கலங்கியது.

ஓடைக்கரையில் ஒரு கீரி இருந்தது. எதையும் உற்றுப் பார்க்காமல் அது பேசாது.

"கரடியாரே, நீங்கள் சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்க்கிறது. தின்ற இனிப்பு உடம்பில் சேராமல் வெளியே போகிறது. இன்னும் தின்றால் எப்படித் தேறுவீர்கள்?"

"கோழி தேறியிருக்கிறதே?"

கீரி கோழியைப் பார்த்தது. "அந்தப் புதர் வரை ஓடு, பார்க்கலாம்."

கோழி பாதி வழியிலேயே மூச்சிரைத்து உட்கார்ந்துவிட்டது. "கால் தாங்கவில்லை" என்றது மெல்ல.

"சீக்கிரம் எடை ஏறட்டும் என்று உனக்குப் போட்ட தீவனம் அது. நீ நெடுநாள் வாழட்டும் என்று போட்டதல்ல."

கோழி குனிந்து தன் கால்களைப் பார்த்தது.

"அப்படியானால் எனக்கு என்ன மருந்து?" என்றது கரடி.

"தெரியாது. தேனையும் அந்தத் தீவனத்தையும் நிறுத்திப் பாருங்கள். கறையான் தின்னுங்கள், கொஞ்சம் நடங்கள். புண் ஆறுகிறதா என்று நான் தினமும் வந்து பார்க்கிறேன்."

கரடி புற்றுகளைத் தோண்டியபடி நடந்தது. மிஞ்சிய பூச்சிகளைக் கொத்தியபடி கோழி பின்னால் போனது. கரடியின் புண் மெல்ல மெல்ல மூடியது; கோழியின் காலும் வலுவானது. கரடிக்குப் பழைய பலம் முழுதும் திரும்பவில்லை. ஆனாலும் நிமிர்ந்து நிற்க முடிந்தது.

ஒரு பிற்பகல், காட்டுப்பூனை ஒன்று கோழியின் மேல் பாய வந்தது. கோழி ஓடிப்போய்த் தாழ்ந்த கிளை ஒன்றில் ஏறிக்கொண்டது. அதன் கீழே கரடி இரண்டு காலில் எழுந்து நின்றது. பூனை வந்த வழியே திரும்பிப் போனது.

நீதி: உடல் பருப்பது வேறு, நலம் பெறுவது வேறு, அவரவர் உடலுக்கு ஏற்றதே நல்ல உணவு.