‘கூரையின் கீழ் குதூகலம்’ வந்து போன வீடு

வேலாங்குறிச்சியில் ரேஷன் கடைக்கு எதிரே உள்ள ஓட்டு வீட்டில் மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். மூத்தவர் வெயிலுமுத்து, நடுவுள்ளவர் இருளப்பன், கடைக்குட்டி பொன்னுப்பாண்டி. மூவரும் உழைப்பாளிகள், நல்லவர்கள், யார் எதைச் சொன்னாலும் சொன்னது சொன்னபடி செய்பவர்கள். அது ஒன்றுதான் அவர்களிடம் இருந்த குறை. மூத்தவரின் மனைவி ஒச்சம்மாவுக்குப் புத்தி இருந்தது. ஆனால் அந்த வீட்டில் எதையும் கை தூக்கித்தான் முடிவு செய்வார்கள் என்பதால், மூன்று கைக்கு முன்னால் அவளுடைய ஒரு கை எடுபடவில்லை.

வீட்டுக் கூரையில் ஒரே ஒரு ஓடு விரிசல் விட்டிருந்தது. மழை வந்தால் குறி பார்த்த மாதிரி அடுப்புக்கு மேல் ஒழுகும். தங்கச்சி சுந்தரவடிவுக்கு வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு கூட்டி வர வேண்டிய நேரம் அது. மாப்பிள்ளை குருவையா கறாராகச் சொல்லிவிட்டார்.

“ஒழுகுற வீட்டுக்கு எம் பொண்டாட்டிய அனுப்ப மாட்டேன். கூரையச் சரி பண்ணிட்டுக் கூப்பிடுங்க.”

செல்லமாக வளர்த்த ஒரே தங்கச்சி. அண்ணன்மார் மூவருக்கும் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. பசியோடு சலூனில் போய் உட்கார்ந்திருந்தபோதுதான் டி.வி.யில் ‘கூரையின் கீழ் குதூகலம்’ நிகழ்ச்சியைப் பார்த்தார்கள். பழைய வீட்டை ஐந்தே நாளில் புதுசாக்கித் தருகிற நிகழ்ச்சி. அதை நடத்துகிற பெண் கைகூப்பிச் சொன்னாள்:

“உங்க வீட்டுல என்ன கஷ்டமோ, அதை அப்படியே எங்களுக்கு அனுப்பி வைங்க! மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்!”

“அப்படியேங்கிறாக,” என்றார் வெயிலுமுத்து.

“நம்ம கஷ்டம் எது?” என்றார் இருளப்பன்.

“ஓடு,” என்றான் பொன்னுப்பாண்டி.

கூரையில் ஏறினார்கள். விரிசல் விட்ட ஓட்டைக் கழற்றி, வைக்கோல் சுற்றி, சாக்கில் தைத்து, பார்சலில் சென்னைக்கு அனுப்பிவிட்டார்கள். அடுப்படிக்கு வந்த ஒச்சம்மா அண்ணாந்து பார்த்தாள். வானம் தெரிந்தது.

“கஷ்டத்த அனுப்பியாச்சு மதினி,” என்றான் பொன்னுப்பாண்டி.

“ஓட்டை இருக்கே?”

“அது மிச்சம். அத அவுக பாத்துக்குவாக.”

ஆயிரம் பேர் கடிதம் எழுதுகிற இடத்துக்கு ஒரு ஓடு போய்ச் சேர்ந்ததும் அங்கே எல்லாரும் அசந்துபோனார்கள். பத்தாவது நாள் இரண்டு வேன் நிறைய ஆட்களோடு டைரக்டர் வந்து இறங்கினார். தொப்பி போட்டிருந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தவர் முகம் வாடியது. பொங்கலுக்கு அடித்த வெள்ளை அப்படியே இருந்தது. தரை மெழுகிப் பளபளத்தது.

“இது போதாதே. பாக்கறவங்களுக்கு அய்யோ பாவம்னு இருக்க வேண்டாமா?”

அவருடைய ஆட்கள் கூரையில் ஏறி இன்னும் பதினோரு ஓடுகளைப் பிரித்து எடுத்தார்கள். வெள்ளைச் சுவரில் கரி பூசினார்கள். நல்ல நார்க்கட்டிலின் ஒரு காலை அறுத்தார்கள்.

“வீட்டச் சரி பண்ண வந்தீகளா, பிரிச்சுப் போட வந்தீகளா?” என்று கேட்டாள் ஒச்சம்மா.

“அம்மா, இது ‘முன்’. அப்புறம் ‘பின்’ வரும். ‘முன்’ மோசமா இருந்தாத்தான் ‘பின்’ எடுபடும்.”

பிறகு அண்ணன் தம்பிகளை நிற்க வைத்து, “இயல்பா இருங்க. கேமரா இருக்கறதையே மறந்துடுங்க” என்றார். மூவரும் கண்ணை இறுக்கிக்கொண்டு மறக்கத் தொடங்கினார்கள். பொன்னுப்பாண்டி எல்லாரையும்விட நன்றாக மறந்துவிட்டான். குளித்துவிட்டு வந்து ஈரத் துண்டைக் கேமரா மேல் காயப் போட்டான்.

ஐந்து நாளும் குடும்பத்தை ஒரு லாட்ஜில் தங்க வைத்தார்கள். ஒச்சம்மா தினமும் வீட்டுவாசலுக்கு வந்து, “ஓடு எப்ப மாத்துவீக?” என்று கேட்டாள். தினமும் ஒரே பதில்: “அது கடைசி நாள் வேலைம்மா.”

ஆறாம் நாள் காலையில் மூவரையும் வேனில் ஏற்றினார்கள். “கண்ணை மூடுங்க. நான் சொல்ற வரைக்கும் திறக்கக் கூடாது” என்றார் டைரக்டர். சொல்லிவிட்டு அவர் டிபன் சாப்பிடப் போனார். இவர்கள் மூடிய கண்ணோடு இட்லி சாப்பிட்டார்கள். மூடிய கண்ணோடேயே இருந்தவர்களுக்கு முகத்தில் மாவு பூசிச் சிவப்பாக்கினார்கள், தலைக்கு மை ஏற்றினார்கள், கோட்டு மாட்டினார்கள். வெயிலுமுத்துவின் புதர் மீசையை ஒட்டக் கத்தரித்தார்கள். தங்கள் கோலத்தை அவர்களும் பார்க்கவில்லை, ஒருவரை ஒருவரும் பார்க்கவில்லை.

“நானும் போறேன்ல?” என்று கேட்டாள் ஒச்சம்மா.

“வேண்டாம்மா. பொம்பளைங்க அழறது சீரியல்லயே வேணுங்கற அளவு இருக்கு. ஆம்பளைங்க அழுதாத்தான் ஜனங்க பாப்பாங்க.”

மூவரையும் வாசலில் நிறுத்தினார். “கதவு திறந்ததும் கண்ணைத் திறந்து, தலையில கை வச்சுக்கிட்டு ‘அய்யோ, இது எங்க வீடா!’ன்னு அழணும். கேமராவைப் பாக்கக் கூடாது. ஒருத்தரை ஒருத்தர் பாக்கக் கூடாது. வீட்டை மட்டும் பாருங்க.”

கதவு திறந்தது. மூவரும் சிரித்தார்கள்.

“ஏன்யா அழல?”

“சந்தோசமா இருக்கு சார்,” என்றார் வெயிலுமுத்து.

“சந்தோஷத்துலதான் அழணும்!”

“அப்ப துக்கம் வந்தா?” என்று இருளப்பன் சந்தேகம் கேட்டார்.

டைரக்டருக்குத் தொண்டை கட்டிப்போனது. ஒன்பதாவது தடவைதான் மூவரும் சேர்ந்து அழுதார்கள். அதைப் பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் மறுபடி மறுபடி எடுத்தார்கள். “ஒவ்வொரு தடவை உள்ள நுழையறப்பவும் இதே மாதிரி அழணும். ஒரு இம்மிகூட மாறக் கூடாது. புரியுதா?”

“புரியுது சார்.”

முடிந்ததும் கோட்டைக் கழற்றி, முகத்தைத் துடைத்துவிட்டார்கள். புறப்படும்போது டைரக்டர் கடைசியாக ஒன்று சொன்னார்: “டி.வி.யில வர்ற வரைக்கும் எதுலயும் உக்காராதீங்க, எதையும் தொடாதீங்க. மறுபடி எடுக்க வேண்டி வந்தாலும் வரும்.”

ஒச்சம்மா வீட்டுக்குள் போய் அண்ணாந்து பார்த்தாள். வெள்ளை வெளேரென்று பலகை வைத்து மேலே மூடியிருந்தார்கள்.

“ஓடு?”

“எவ்வளவு அழகா மூடியிருக்கோம், பாருங்கம்மா.”

“அதுக்கு மேல?”

“அதுக்கு மேல கேமரா போகாதும்மா,” என்று சொல்லிவிட்டு அவர் வேனில் ஏறினார்.

தொடக் கூடாது, உட்காரக் கூடாது என்று உத்தரவு இருந்ததால், அண்ணன் தம்பிகள் பின்னால் இருந்த ஆட்டுக் கொட்டகையில் குடியேறினார்கள். ஒச்சம்மா உத்தரவைச் சட்டை செய்யாமல் வீட்டுக்குள்ளேயே சமைத்தாள், உறங்கினாள். அலமாரியில் அடுக்கியிருந்த நூறு புத்தகங்களுக்கும் முதுகு மட்டுமே இருந்தது. தட்டில் இருந்த ஆப்பிள் மெழுகு. செங்கல் சுவர், செங்கல் படம் போட்ட காகிதம். கிழக்கே ஒரு பெரிய ஜன்னல். அதில் கடல் தெரிந்தது, கடலில் ஒரு படகு. ஜன்னலைத் திறக்க முடியாது, ஏனென்றால் அதுவும் படம்.

சாப்பிட உள்ளே வரும்போதெல்லாம் இருளப்பன் அந்தப் படகையே பார்த்தார்.

“நாலு நாளாச்சு அண்ணே. படகு நகரவே இல்ல.”

“காத்து இல்லையோ என்னமோ.”

“உள்ள இருக்குறவன் சாப்பிட்டானா என்னன்னு தெரியலயே.”

பொன்னுப்பாண்டி வெகுநேரம் யோசித்தான். “அவனுக்கும் டைரக்டர் சொல்லியிருப்பாருண்ணே, எதையும் தொடாதேன்னு. துடுப்பத் தொட முடியாம நிக்கிறான், பாவம்.”

இதைக் கேட்டு மூவரும் பெருமூச்சு விட்டார்கள்.

அதைவிடப் பெரிய சங்கடம் அழுகை. வேளைக்கு வேளை சாப்பிடப் போகும்போது மூவரும் வாசற்படியில் நின்று, தலையில் கை வைத்து, “அய்யோ, இது எங்க வீடா!” என்று கதறிவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார்கள். முதல் நாள் அக்கம்பக்கத்தார் மாலையோடு ஓடி வந்தார்கள். ரேஷன் கடையைப் பாதி நாளோடு மூடினார்கள். இரண்டாம் நாள், “எத்தன மணிக்கு எடுக்குறீக?” என்று கேட்டு ஆள் வந்தது.

“ஏற்கெனவே எடுத்துட்டாக. ஞாயித்துக்கிழமை டி.வி.யில வரும்,” என்றார் வெயிலுமுத்து. கேட்டவர் ஒன்றும் புரியாமல் திரும்பிப் போனார்.

வியாழக்கிழமை மழை பிடித்தது. பன்னிரண்டு ஓடு இல்லாத கூரை வழியாக இறங்கிய தண்ணீர் முழுவதும் வெள்ளைப் பலகைக்கு மேல் தேங்கியது. வெள்ளிக்கிழமை காலையில் பலகை தொப்பை போட்டிருந்தது. மூவரும் அழுதுவிட்டு உள்ளே வந்து அதன் கீழே நின்றார்கள்.

“இது எத்தன மாசம் இருக்கும்?” என்றார் இருளப்பன்.

“வயிறு நல்லா இறங்கியிருக்கு. எட்டு தாண்டிருச்சு.”

“அப்ப நம்ம தங்கச்சிக்கு முன்னாடி இதுக்குப் பொறந்துரும்,” என்றான் பொன்னுப்பாண்டி.

“ஒரு குச்சிய எடுத்துக் குத்தி விடுங்க, தண்ணி வடிஞ்சுரும்!” என்று கத்தினாள் ஒச்சம்மா.

“தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்காருல்ல மதினி?”

ஒச்சம்மா மூவரையும் வெளியே இழுத்துப் போட்டதும் பலகை உடைந்தது. குளத்து மடையைத் திறந்துவிட்ட மாதிரி தண்ணீர் இறங்கியது. அலமாரி சாய்ந்தது, செங்கல் சுவர் உரிந்தது, மெழுகு ஆப்பிள் உருண்டது. கடைசியாக ஜன்னல் படம் சுவரைவிட்டுக் கழன்று, தண்ணீரோடு கூடத்தைக் கடந்து, வாசல் வழியாகத் தெருச் சாக்கடையில் மிதந்து போனது.

“படகு கெளம்பிருச்சு!” என்று இருளப்பன் கைதட்டினார். அவருக்கு அன்றைக்குத்தான் மனசு ஆறியது.

வெயிலுமுத்து டைரக்டருக்குப் போன் போட்டார். “சார், மேல மூடுனது விழுந்துருச்சு.”

“நீங்க ஏதாவது தொட்டீங்களா?”

“தொடவே இல்ல சார்.”

“ரொம்ப நல்லது. ஞாயித்துக்கிழமை பதினோரு மணி. மறக்காம எல்லாரையும் பாக்கச் சொல்லுங்க.”

ஞாயிற்றுக்கிழமை சலூனில் கூட்டம். திரையில் அவர்கள் வீடு ஜொலித்தது. கதவு திறந்தது. சிவந்த முகமும் கோட்டுமாக மூன்று பேர் தலையில் கை வைத்துக்கொண்டு, “அய்யோ, இது எங்க வீடா!” என்று அழுதபடி உள்ளே நுழைந்தார்கள்.

“யாருடா இவனுக?” என்று எழுந்தார் வெயிலுமுத்து.

“நம்ம வீட்டுக்குள்ள போறானுக அண்ணே!”

“போனது மட்டுமா? எங்க வீடுங்கிறான்! நம்ம ஆட்டுக் கொட்டகையில கெடக்கோம், இவனுக உரிமை கொண்டாடுறானுக!”

“அது நீங்கதானய்யா,” என்றார் சலூன்காரர்.

“எனக்கு மீசை வெட்டுறது நீதான? நல்லாப் பாத்துச் சொல்லு. இது நீ வெட்டுன மீசையா?”

சலூன்காரர் திரையருகே போய்ப் பார்த்தார். தொழில் சுத்தம் உள்ள மனிதர். “இல்ல,” என்று ஒப்புக்கொண்டார்.

மூவரும் நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். எஸ்.ஐ. அன்றைக்குத் தேர்த் திருவிழா பந்தோபஸ்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். பாதி கேட்டதுமே, “வீட்டுக்குள்ள நுழைஞ்ச மூணு பேரையும் கழுத்தப் பிடிச்சு வெளிய தள்ளுங்க. திரும்ப உள்ள விடாதீங்க. போங்க” என்று ஜீப்பில் ஏறிவிட்டார்.

வீட்டுக்கு வந்து மூலை முடுக்கெல்லாம் தேடினார்கள். யாரும் இல்லை.

“எத்தன பேரு நுழைஞ்சது?” என்றார் வெயிலுமுத்து.

“மூணு.”

“இப்ப உள்ள எத்தன பேரு இருக்கோம்?”

இருளப்பன் எண்ணினார். “மூணு.”

“நீ உள்ள நுழைஞ்சியா?”

“நுழைஞ்சேன்.”

அண்ணன் அவர் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார். அடுத்து பொன்னுப்பாண்டியைத் தள்ளினார். பிறகு, சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று தன் கழுத்தைத் தானே பிடித்துக்கொண்டு வாசற்படி தாண்டி விழுந்தார். மூவரும் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, ஆளுக்கொரு கம்போடு வாசலில் காவல் நின்றார்கள்.

வீடு காலியானதும் ஒச்சம்மாவுக்கு வசதியாகப் போயிற்று. டைரக்டரின் ஆட்கள் பிரித்துக் கொல்லையில் போட்டிருந்த ஓடுகளில் உடையாதவற்றைப் பொறுக்கி, குறைந்ததற்குச் சூளையிலிருந்து வாங்கி வந்து, ஏணி வைத்துத் தானே ஏறி வேய்ந்து முடித்தாள். நிகழ்ச்சியைப் பார்த்து மயங்கிப்போன குருவையா, மறுநாள் மத்தியானமே சுந்தரவடிவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஒச்சம்மா அவளைக் கைத்தாங்கலாக உள்ளே அழைத்துப் போய்ப் பாய் விரித்துப் படுக்க வைத்தாள்.

“மச்சான், ஏன் வெளிய நிக்கிறீக?” என்று கேட்டார் குருவையா.

“மூணு களவாணிப் பயலுக உள்ள பூந்துட்டானுக மாப்பிள்ள. கழுத்தப் பிடிச்சுத் தள்ளியாச்சு. திரும்ப வந்துறக் கூடாதுன்னு நிக்கிறோம்.”

“டி.வி.யில கோட்டு போட்டுக்கிட்டு அழுதானுகளே, அவனுகளா?”

“அவனுகளேதான்.”

குருவையா சற்று யோசித்தார். “முன்னால வந்தவன் அப்படியே உங்க சாடை மச்சான்.”

“அதான் மாப்பிள்ள பயமே! உள்ள போனான்னா, நாந்தான்னு நெனச்சு ஒச்சம்மா சோறு போட்டுருவா.”

விஷயம் எவ்வளவு பெரியது என்று குருவையாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவரும் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு நாலாவது ஆளாக நின்றார்.

அந்த நேரம் பார்த்து உள்ளிருந்து ஒச்சம்மா வழக்கம்போலக் குரல் கொடுத்தாள்: “மூணு பேரும் சாப்பிட வாங்க!”

வாசலில் நின்ற நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“மூணு பேருங்கிறா,” என்று கிசுகிசுத்தார் வெயிலுமுத்து. “இங்க நாம நாலு பேருல்ல இருக்கோம்?”

“வந்துட்டானுக அண்ணே! கொல்லைப் பக்கமா வந்துட்டானுக!”

நால்வரும் கம்பை ஓங்கிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக வீட்டைச் சுற்றி ஓடினார்கள். முதலில் ஓடியவர் வெயிலுமுத்து, கடைசியில் குருவையா. சின்ன வீடுதான். ஒரு சுற்று முடிந்து மூலை திரும்பியதும், தனக்கு முன்னால் கம்போடு ஒருத்தன் ஓடுவதை வெயிலுமுத்து பார்த்துவிட்டார்.

“அந்தா ஓடுறான், விடாதீக!” என்று கத்தினார்.

குருவையா திரும்பிப் பார்க்காமல் இன்னும் வேகமாக ஓடினார்.